தாத்தாவின் .315 ரைபிளுக்குக் கையால் அடைத்த தோட்டா வாங்கலாமா?

கோத்தகிரிப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய .315 ரைபிளின் உரிமம் வாரிசு முறையில் இந்த ஆடி மாதம் என் பெயருக்கு மாறியது. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைபிள். உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்ட காலத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் வாங்கியது. நான்கு ஆண்டுகளும் கோவையில் ஒரு கடையில் ஒப்படைப்பில் இருந்தது. இப்போது கோத்தகிரியில் எங்கள் வீட்டு மர அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நான் எந்த உயிரையும் சுடப் போவதில்லை. மாதம் ஒருமுறை மலையிறங்கிக் கோவைச் சுடுதளத்தில் காகித இலக்கில் சுடுகிறேன். தாத்தாவின் கை பட்ட பொருள் துருப்பிடித்துப் போகக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

போன வாரம் 100 மீட்டரில் மணல் மூட்டையில் சாய்த்து வைத்துப் பத்துத் தோட்டாக்கள் சுட்டேன். பத்தும் முக்கால் சாண் அகலத்தில் சிதறின. அளந்தேன்: 16 செ.மீ. அங்கே வந்திருந்த ஒருவர், "கடைத் தோட்டாவில் வெடிமருந்தின் அளவு ஒரே சீராக இருக்காது. நான் கையால் அடைத்தது இருபது இருக்கிறது, ஒரே ஓட்டையில் போகும்" என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். நான் இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா? உண்மையிலேயே கையால் அடைத்த தோட்டாவுக்கு அத்தனை துல்லியம் உண்டா?

கோவை இலக்கு:

வாங்காதீர்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையும் விற்பதையும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. உங்கள் உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவும், உரிமம் பெற்ற கடையில் தோட்டா வாங்கவும்தான். கடையில் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த பிஸ்கட் டப்பாவுக்குப் பதிவு ஏது? நான்கு ஆண்டுகள் அலைந்து கிடைத்த உரிமத்தை இருபது தோட்டாக்களுக்காக இழந்துவிடாதீர்கள்.

அடுத்து, சில கேள்விகள். முதல் தடவை சுட்டபோது எப்படி இருந்தது? இரண்டு தடவையும் ஒரே பெட்டித் தோட்டாவா? குழலைத் தாங்கும் மரமான முன்கட்டையின் திருகாணிகளைப் பார்த்தீர்களா?

கோத்தகிரிப் பேரன்:

ஆவணியில் சுட்டபோது இதைவிட நன்றாக இருந்தது. அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். பத்தும் 9 செ.மீ.க்குள் இருக்கின்றன. இரண்டு தடவையும் ஒரே கடை. பெட்டியின் மேல் அச்சிட்ட தொகுதி எண்ணும் ஒன்றே. திருகாணிகளை நான் தொடவே இல்லை.

அருவங்காட்டார்:

தம்பி, நான் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "மருந்து சரியில்லை" என்று யார் எடுத்த எடுப்பிலேயே சொன்னாலும் எனக்கு மனம் கேட்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் .315 தோட்டாவின் பூர்வீகம் ஆஸ்திரியா. அந்நாட்டுப் படை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பயன்படுத்திய 8×50 மானிலிக்கர் தோட்டாதான் இது. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்து வைத்திருந்ததால், லீ என்ஃபீல்டு என்ற படை ரைபிளின் அமைப்பிலேயே வேறு குழல் அளவு கொடுத்து விற்றார்கள். குண்டின் எடை 244 கிரெய்ன். ஏறக்குறைய 16 கிராம். கனமான, நிதானமான குண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 மீட்டர் தூரத்தைக் குண்டு சராசரியாக விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர 0.167 விநாடி ஆகிறது. அதற்குள் பூமியின் ஈர்ப்பு அதை 13.6 செ.மீ. கீழே இழுக்கிறது. மருந்து குறைந்து வேகம் 5 சதவீதம் இறங்கினால் இந்தச் சரிவு 15.1 செ.மீ. ஆகிறது. ஆக, 5 சதவீதக் குறைக்கு இலக்கில் தெரியும் வித்தியாசம் ஒன்றரை செ.மீ.தான். குழலின் அதிர்வு மாறுவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனாலும் 100 மீட்டரில் 16 செ.மீ. சிதறலுக்கு மருந்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதுவும் மருந்தின் குறை பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் தெரியும். உங்கள் ஓட்டைகள் எந்தப் பக்கமாகப் பரவியிருக்கின்றன?

குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைப்பீர்கள். பழைய கார்டைட் மருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் கூடிவிடும். அதற்காகவே இங்கிலாந்துக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கு மருந்தைக் குறைத்து அடைத்த தனித் தோட்டாக்களை அனுப்பின. அன்றைய வேட்டைக்காரர்கள் தோட்டாப் பட்டையை நிழலில் வைத்ததும் இதனால்தான். ஆனால் நீங்கள் இரண்டு தடவையும் சுட்டது கோவையில், ஒரே தொகுதித் தோட்டாவை. அது மாறவில்லை. மாறியது வேறு ஏதோ.

கோத்தகிரிப் பேரன்:

ஐயா, இப்போதுதான் கவனித்தேன். பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவியிருக்கிறது, வலது மேல் மூலையை நோக்கி. முதல் மூன்று நடுவில் இருக்கின்றன. சூடேற ஏற வலப்பக்கம் நகர்ந்திருப்பது போலத் தோன்றுகிறது.

பழனிமலை:

நான் பண்ணைக்காடு. எங்கள் அப்பா மலைவாழையும் காப்பியும் வைத்திருந்தார். ரவை சுடும் 12 போர் துப்பாக்கிக்கான தோட்டாவை வீட்டுத் திண்ணையிலேயே அடைப்பார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாற்றி, மருந்து அளந்து, அட்டை வைத்து, ரவை போட்டு, மெழுகால் மூடுவார். சிறுவனாக நான் அட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் ஒரு விபத்தும் நடந்ததில்லை. சட்டம் வேறு விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் அடைத்தது என்றாலே ஆபத்து என்று சொல்வது அந்தக் காலத்து மனிதர்களின் கைத்திறனை மதிக்காதது போல இருக்கிறது. எனக்கு அது வருத்தம்.

தெற்குத் தீவு:

நான் குன்னூரில் பிறந்தவன். இப்போது நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வசிக்கிறேன். இங்கே துப்பாக்கி உரிமம் உள்ளவர் தன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்வது சட்டப்படி சரி. 1904இல் இமயமலை வரையாடுகளைக் கொண்டுவந்து மவுண்ட் குக் பகுதியில் விட்டார்கள். அவற்றைத் தின்ன இங்கே எந்த விலங்கும் இல்லை. அவை பெருகி மலைச்செடிகளை மேய்ந்து அழிப்பதால், எண்ணிக்கையைக் குறைக்க அரசே ஆள் வைத்துச் சுடுகிறது. எங்களையும் சுடச் சொல்கிறது. நம் நீலகிரியின் முக்கூர்த்தியில் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வரையாட்டின் தூரத்து உறவுக்கு இங்கே இந்த நிலை. முதல் ஆண்டு எனக்கு விசையில் விரல் போகவில்லை.

பழனிமலை அண்ணா, உங்கள் அப்பாவின் கைத்திறனை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் 12 போரும் ரைபிளும் வேறு வேறு. ரைபிளில் தோட்டா உட்காரும் அறையில் எழும் அழுத்தம் 12 போரைப்போல மூன்று நான்கு மடங்கு. அங்கே பொறுத்துப்போகும் பிழை இங்கே பொறுக்காது. அப்பா தன் துப்பாக்கிக்குத் தானே அடைத்தார். பிஸ்கட் டப்பாக்காரரோ முன்பின் தெரியாத ரைபிளுக்குக் கொடுக்கிறார். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இதுதான்.

கையால் அடைத்த தோட்டா ஏன் துல்லியமாகப் போகிறது என்று தம்பி கேட்டார். அது ஒரே ஒரு ரைபிளுக்காக அளந்து செய்தது என்பதால்தான். என்னுடையது .308 ரைபிள். மருந்துக் கம்பெனி அச்சிட்ட அட்டவணையில் உள்ள மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுட்டு, பித்தளைக் கூட்டின் அடியையும் கேப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, எனக்கு ஏற்றதைக் கண்டுபிடிக்க மூன்று குளிர்காலங்கள் ஆயின. குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு குளிர்காலம். எல்லாக் கூடுகளும் ஒரே கம்பெனி, ஒரே தடவை வாங்கியவை, ஒரே நீளத்துக்கு வெட்டியவை. அப்படிச் செய்த தோட்டாவை அதே கம்பெனி, அதே மாடல் ரைபிள் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். என் ரைபிளில் 3 செ.மீ.க்குள் விழுந்தவை அவருடையதில் 8 செ.மீ. போயின. அவர் கடையில் வாங்கிய தோட்டா அதைவிட நன்றாகச் சுட்டது.

இன்னொன்று. "ஒரே ஓட்டை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று சுட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அதே ரைபிள், அதே தோட்டா, அதே கை. பத்துச் சுட்டால் சிதறலின் அகலம் சராசரியாக மூன்று சுட்டதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். தோட்டா கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. உண்மை அப்போதுதான் தெரிகிறது. தம்பி முதல் முயற்சியிலேயே பத்துச் சுட்டிருக்கிறார். அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன்.

கோவை இலக்கு:

தெற்குத் தீவு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லீ என்ஃபீல்டு அமைப்பில், தோட்டாவுக்குப் பின்னால் அறையை மூடும் உலோகத் தண்டான போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. சுடும்போது போல்ட்டும் உடலும் நூலிழை அளவு நீண்டு சுருங்குகின்றன. அந்த நூலிழைக்குப் பித்தளைக் கூடும் நீள்கிறது. ஒரு தடவை நீண்ட கூட்டில் மறுபடி மருந்து அடைத்துச் சுட்டால் இன்னும் நீளும். கூட்டின் அடி விளிம்புக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே போய், ஒரு நாள் அங்கே அறுந்துவிடும். அப்போது தீயும் புகையும் போல்ட் பக்கம், அதாவது உங்கள் முகத்தின் பக்கம் வரும்.

தாத்தாவின் பழைய வெற்றுக்கூடுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? ஊக்கு ஒன்றை வளைத்துக் கூட்டின் உட்புறம் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். வளையத்துக்கு நேராக முனை ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கினால், அந்தக் கூடு முடிந்துவிட்டது.

அடுத்து முன்கட்டை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுங்கள். எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள். இதைச் செய்யும் முன் ரைபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

கோத்தகிரிப் பேரன்:

மூன்று நாள்களாக இங்கே விடாத மழை. ஐப்பசியும் கார்த்திகையும்தானே எங்கள் கோத்தகிரிக்கு மழைக்காலம்! ஊட்டிக்காரர்கள் ஆடியில் நனைந்து முடித்திருப்பார்கள். வீட்டில் உப்பு ஜாடியே கசிகிறது.

போல்ட்டைக் கழற்றிவிட்டு நோட்டு வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நோட்டு நுழையவே இல்லை. கட்டை குழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் நோட்டைத் தாராளமாக ஓட்ட முடிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் இடப்பக்க விளிம்பில் மரம் கறுத்து மினுங்குகிறது, குழல் உரசி உரசித் தேய்த்தது போல. அடியில் விசைக் காப்புக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகாணி கையாலேயே கால் சுற்றுத் திரும்பியது.

தாத்தாவின் தகர டப்பாவில் வெற்றுக்கூடுகள் பதினொன்று இருந்தன. நான்கில் அந்த வளையம் தெரிகிறது. ஊக்கு முனை இரண்டில் தெளிவாகத் தடுக்கியது. ஒன்றில் வளையத்தின் மேலேயே முடியளவு விரிசல். விரலால் தடவினால் தெரியவில்லை. சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தாத்தா கையால் அடைத்ததில்லை. ஒரே ஒரு தடவை சுட்ட கூடே இப்படி என்றால், அந்த பிஸ்கட் டப்பாவில் இருப்பவை எத்தனை தடவை சுட்டவையோ. கூடத்திலேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அருவங்காட்டார்:

கிடைத்துவிட்டது தம்பி. நான்கு ஆண்டுகள் கோவையின் வறட்சியில் காய்ந்து சுருங்கிய கட்டை, உங்கள் வீட்டு மழைக்கால ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. இடப்பக்கம் மரம் தள்ள, குழல் சூடாகி விரிய விரிய வலப்பக்கம் ஒதுங்குகிறது. முதல் மூன்று நடுவில் விழுந்து பின்னால் வந்தவை நகர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

நீங்களே உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். லீ என்ஃபீல்டில் முன்கட்டையின் பின்முனை உலோக உடலோடு இறுகப் பொருந்தி உட்கார வேண்டும். உதைப்பை வாங்குவது அந்த இடம்தான். அங்கே ஒரு சீவல் அதிகம் போனால் புதுக் கட்டைதான் தேட வேண்டும். பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அவர் குழலில் விளக்குக் கரி தடவி, கட்டையில் வைத்து எடுத்து, கரி பட்ட இடத்தை மட்டும் சுரண்டுவார். பிறகு உட்புறம் முழுக்க ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்லுங்கள். வெளிப்புறம் பளபளவென்று மெருகு இருக்கும், உட்புறம் பச்சை மரமாகவே விட்டிருப்பார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

குழலின் வாய் விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைத்தால் நீலப்பச்சைக் கறை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் அது குண்டின் செம்பு. பழைய காலத்துக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவேற்றிவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் வேட்டை முடிந்து வந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலில் வெந்நீர் போட்டுக் குழலில் ஊற்றுவார்கள். உங்கள் தாத்தாவும் ஊற்றியிருப்பார்.

கோத்தகிரிப் பேரன்:

ஊற்றினார் ஐயா! பாட்டியின் பித்தளைக் கெட்டில். "டீக்கு வைத்த தண்ணீரைத் துப்பாக்கிக்கு ஊற்றுகிறார்" என்று பாட்டி சத்தம் போடுவார். காரணம் இன்றுதான் தெரிகிறது.

பழனிமலை:

அந்த விரிசலைப் படித்த பிறகு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அப்பாவின் கைத்திறன் அவருடைய துப்பாக்கிக்கு அவர் செய்தது, அவ்வளவுதான். அதை வைத்து முன்பின் தெரியாத ஒருவரின் டப்பாவுக்குப் பரிந்து பேசியிருக்கக்கூடாது.

வரையாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம்தான், பிறகு காட்டுயிர்களைக் காக்கும் சங்கமாக மாறியது. அதில் இருந்த தாவீதார், துப்பாக்கியை வைத்துவிட்டு வரையாடுகளை எண்ணப் போனார். அவர் 1975இல் செய்த ஆய்வின் நினைவாகத்தான் அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வேட்டையைத் தடுத்த 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எங்கள் மலையில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று கொடைக்கானல் பக்கம் காட்டெருமைகள் தெருவில் நடப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சட்டம் வந்ததே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோத்தகிரிப் பேரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கோவையில் உரிமம் பெற்ற ஒருவரிடம் ரைபிளைக் கொடுத்தேன். கரி தடவித்தான் பார்த்தார். இடப்பக்கம் உள்ளங்கை நீளத்துக்கு அப்படியே கரி ஒட்டியது. மூன்று தடவை சுரண்டி, மூன்று தடவை வைத்துப் பார்த்தார். அவர் எடுத்த மரம் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி இருக்கும். குழல் வாய் நன்றாக இருக்கிறது என்றார். செம்புக்கறை மட்டும் நிறைய வந்தது. இரண்டு நாள் ஊறவைத்து எடுத்தார்.

நேற்றுச் சுடுதளம். பழைய தொகுதியில் மீந்திருந்த பத்தையும் முதலில் சுட்டேன்: 8.5 செ.மீ. பிறகு அதே கடையில் வாங்கிய வேறு தொகுதி எண்ணில் பத்து: 7 செ.மீ. மறுபடி அந்தப் புதுத் தொகுதியில் பத்து: 7.5 செ.மீ. வலப்பக்கம் நகர்வது நின்றுவிட்டது. பிறகு அங்கே நீண்ட காலமாகச் சுடும் ஒரு அண்ணனிடம் ஐந்து கொடுத்துச் சுடச் சொன்னேன். 4.5 செ.மீ.! ஐந்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தாலும், மீதி என் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. திறந்த குறிமுள், 100 மீட்டர், பழைய ரைபிள். எனக்கு மன நிறைவாக இருக்கிறது. உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் அந்தப் புதுத் தொகுதியையே வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

பிஸ்கட் டப்பாக்காரரும் வந்திருந்தார். விரிசல் விட்ட கூட்டை அவர் கையில் கொடுத்து, சன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து அடியில் பொறித்திருந்த ஆண்டைப் படித்தார். மூன்று வேறு ஆண்டுகள் கலந்திருந்தன; இரண்டில் வளையம் வெளியிலேயே தெரிந்தது. சுடுதளப் பொறுப்பாளரிடம் அவரே போய் டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

அருவங்காட்டார்:

நல்லது தம்பி. தை பிறந்து மழை ஓய்ந்து காற்று வறண்டதும் கட்டை மறுபடி சுருங்கும். அப்போது அந்தப் பத்து ரூபாய் நோட்டை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். திருகாணியையும் பாருங்கள்.

கோத்தகிரிப் பேரன்:

அந்த நோட்டைச் செலவழிக்காமல் உரிமப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன் ஐயா. பொங்கல் முடிந்த வாரம் பார்த்து எழுதுகிறேன்.